முட்டைக்கோப்பிக்கு வாசிச்ச சரித்திரம்

ஸ்காபரோ,
20.3.1977, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் குகதாசனுக்கு,

நானும் தங்கச்சியும் பிள்ளையாற்ற புண்ணியத்தில சுகமாய் இருக்கிறம், நீயும் தண்டர் பே யூனிவேர்சிற்றியில மரப்படிப்புப் படிக்கிற அந்தப் பனிக்காட்டுக்குள்ள தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாய் இருப்பாய் எண்டு நம்பித்தான் இதைத் தொடங்கிறன். கட்டின்ர மொத்தத்தைப் பார்த்துப் பயப்பிடாதை. வழமை போல எழுத்தைப் பெரிசாய், ஒரு வரி விட்டு ஒரு வரி, சொல்லுக்குச் சொல் ஒரு விரல் இடம் விட்டு எழுதுறன், அதுதான் இவ்வளவு தாள். நீ வழக்கமாய்ச் செய்யிற மாதிரி மட்டையை வைச்சுக் கீழ்வரியை மறைச்சுக்கொண்டு ஆறுதலாய் வாசி. நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள், இதை எழுதி முடிக்க எனக்கு அஞ்சு நாள் பிடிக்கும், உனக்கு வாசிச்சு முடிக்க அஞ்சு நாள் பிடிக்கும், ஒருத்தருக்கும் நட்டமில்லை. நடுவில கண் களைச்சால் விட்டிட்டுப் போய் உன்ர மரங்களைப் பார்த்திட்டு வா, கடிதம் எங்கயும் ஓடிப்போகாது.

இஞ்ச பனி கரையத் தொடங்கியிட்டுது, பல்கனியில நாலு மாசமாய்ப் புதைஞ்சு கிடந்த வாளி இப்பதான் வெளியில தெரியுது, அதுக்குள்ள வதனியின்ர ஒற்றைக் கையுறை கிடந்தது, அதை நான் எறிஞ்சுபோட்டன் எண்டு அவள் கார்த்திகை மாசம் முழுக்க என்னோட சண்டை பிடிச்சவள். எடுத்துக் காட்டினால் மன்னிப்புக் கேக்கிறதுக்குப் பதிலாய் மற்றக் கையுறையை எங்க வைச்சனீங்கள் எண்டு கேக்கிறாள். உன்ர தங்கச்சிக்குப் பதினாலு வயசு இன்னும் முடியேல்லை, அதுக்குள்ள தலைமயிரைக் காது வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நிக்கிறாள். மேல்மாடியில இருக்கிற ஜாபர் தம்பியை உனக்குத் தெரியும்தானே, நாகப்பட்டினத்துப் பெடியன், மிசிசாகாவில கந்தோர் வேலை, அவர் லிஃப்டுக்குள்ள அவளைப் பின்பக்கமாய்ப் பார்த்திட்டு, அக்கா யாரு இந்தப் பையன், ஊர்லேர்ந்து வந்திருக்கானா எண்டு என்னைக் கேட்டுப்போட்டார். மூண்டு நாள் அவள் அவரோட கதைக்கேல்லை. பிறகு அவர் ஒரு பெட்டி சொக்லேற் கொண்டு வந்து குடுத்த பிறகு இப்ப திரும்பவும் அண்ணா அண்ணா எண்டு திரியிறாள். ரோசமும் சொக்லேற்றும் ஒரே விலைதான் இந்த வீட்டில.

என்னைப் பற்றிக் கேட்டால் இருக்கிறன். அப்பா போய்ப் பத்து மாசம், கொப்பற்ற பனிச்சப்பாத்து இன்னும் வாசலில தான் கிடக்கு. வதனி ஒருநாள் அலுமாரிக்குள்ள எடுத்து வைச்சவள், எனக்குக் கதவடி வெறுமையாய்த் தெரிஞ்சுது, திரும்ப எடுத்து வைச்சிட்டன். இப்ப அவள் கூட்டேக்கை அதைத் தூக்கிப்போட்டுக் கூட்டிப்போட்டு அதே இடத்தில வைக்கிறாள். பகல் இரண்டரை ஆனால் இப்பவும் என்ர கை சாப்பாட்டுப் பெட்டியைத் தேடுது, அவர் பின்னேர வேலைக்குப் போற நேரம் எல்லோ. கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லாமல் உப்புப் போடவே மறந்துபோறன். இருபத்திரண்டு வருசம் அந்த மனுசன் ஒரு நாளும் கறி நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லை, காணாதெண்டதைத் தவிர வேற வசனம் அவருக்குத் தெரியாது, அந்த வசனத்துக்காக இப்ப இந்தக் காது கிடந்து ஏங்குது பார். சரி, அதை விடு. அழுகிற கதை எழுத இந்தத் தாள் எடுக்கேல்லை. உன்னை ஏசத்தான் எடுத்தனான்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ ரெலிபோன் எடுத்து என்னோட ரெண்டு நிமிசம், சாப்பிட்டன் அம்மா, படுத்தன் அம்மா எண்டு நல்ல பிள்ளை மாதிரிக் கதைச்சுப்போட்டு, பிறகு தங்கச்சியைக் கூப்பிட்டு வேற கதை சொல்லியிருக்கிறாய். அவள் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு திரிஞ்சாள், மூண்டாம் நாள் புட்டுக்கு வாழைப்பழம் குழைச்சுக்கொண்டிருக்கேக்கை எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள். அவளிட்ட இரகசியம் சொல்லுறதும் ரேடியோவில சொல்லுறதும் ஒண்டுதான் எண்டு உனக்குத் தெரியாதே? ஈஸ்டர் லீவோட பெட்டியைக் கட்டிக்கொண்டு வரப்போறியாம், திரும்பிப் போகமாட்டியாம், ஏப்ரலில நடக்கிற சோதினை எடுக்கமாட்டியாம். அப்பாவின்ர ஃபக்ரறியில இடம் இருக்கெண்டு ஃபோர்மன் சொன்னவராம். கேட்டால் அம்மா தனிய இருக்கிறா, அப்பாவின்ர ஆண்டுத் திவசம் வருது, மூத்த மகன் நான் நிக்கவேணும் எண்டு காரணம் சொன்னியாம். நல்ல காரணம். கேக்கிறவைக்குக் கண்ணீர் வரும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏனெண்டால் உன்ர இந்தக் குரலை எனக்கு முந்தியே தெரியும், இது நீ புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு வேற ஏதோ வாசிக்கிற குரல்.

அந்தக் கதையை உனக்கு நான் ஒழுங்காய் ஒருநாளும் சொன்னதில்லை, இப்ப சொல்லுறன். நாங்கள் இஞ்ச வந்த முதல் வருசம், உனக்குப் பதினொரு வயசு. அந்தக் கார்த்திகையில பள்ளிக்கூடத்தால அனுப்பின அட்டையில எல்லாம் சிவப்பு. கொப்பர் உனக்கு அடிச்சவர், அது உனக்கும் நினைவிருக்கும் எனக்கும் நினைவிருக்கு. அடிச்சுப்போட்டு ஒரு சட்டம் போட்டவர். தான் பின்னேர வேலைக்குப் போயிடுவாராம், நீ தினமும் ஏழு மணியிலயிருந்து எட்டரை வரைக்கும் சத்தம் போட்டு வாசிக்க வேணுமாம், நான் குசினியில நிண்டு அந்தச் சத்தம் கேக்குதோ எண்டு பார்க்க வேணுமாம். எங்கட ஆக்களின்ர வீட்டில பிள்ளை படிக்குது எண்டதுக்கு அத்தாட்சி சத்தம்தானே, வாய் மூடியிருந்தால் நித்திரை எண்டுதான் கணக்கு. நானும் சட்டப்படி நிண்டன். என்ன வடிவாய் வாசிச்சாய் மகன்! சரித்திரப் புத்தகத்தை மடியில வைச்சுக்கொண்டு தொடங்கினால் தங்குதடையில்லை. குரல் மெல்ல மெல்ல ஏறும், வேகம் பிடிக்கும், உச்சத்துக்குப் போய் ஒரு கத்துக் கத்துவாய், பிறகு ஆறுதலாய் இறங்கும். எனக்கு இங்கிலீசில தேங்க்யூவும் சொறியும் மட்டும்தான் தெரியும், நான் வெங்காயம் அரிஞ்சுகொண்டு, ஐயோ எந்த ராசா எந்த ராசாவைக் கலைச்சுக்கொண்டு போறானோ, பிடிச்சிட்டான் போலயிருக்கு எண்டு நினைப்பன். சில இடத்தில குரலைக் குழைச்சு மெதுவாய் வாசிப்பாய், ராணி செத்துப்போனா போல எண்டு எனக்கு மூக்குக்கூட அடைச்சிருக்கு. வாசிச்சுக் களைச்ச பிள்ளைக்கு எட்டரைக்கு ஒரு முட்டைக்கோப்பி. ஊரில சோதினைக்குப் படிக்கிற பெடியளுக்குக் குடுக்கிற மாதிரி, முட்டையை நல்லாய் அடிச்சு, நுரை பொங்க. மார்கழியில தொடங்கி மாசி மட்டும், சனி ஞாயிறு தவிர ஒரு நாள் தவறேல்லை.

மாசியில ஒருநாள் ஃபக்ரறியில மெசின் நிண்டுபோய்க் கொப்பர் நேரத்தோட வந்திட்டார். சப்பாத்திலயிருந்து பனித்தண்ணி சொட்டச் சொட்ட வாசலில நிக்கிறார், நான் வாயில விரலை வைச்சு, சத்தம் போடாதேங்கோ, பிள்ளை உச்சத்தில நிக்கிறான், கேளுங்கோ எண்டு பெருமையாய்ச் சொல்லுறன். அவர் கேட்டுக்கொண்டு நிண்டார். முகம் ஒரு மாதிரிப் போச்சுது. இது என்ன புத்தகம் எண்டு கேட்டார், சரித்திரம் எண்டன். அவர் என்னைப் பார்த்து, ஏனப்பா, சரித்திரத்தில ஹொக்கி வருமோ எண்டு கேட்டாரே பார். சனிக்கிழமை பின்னேரம் ரீவியில பார்த்த ஆட்டத்தை, ஆர் ஆருக்குத் தட்டினது, ஆர் விழுந்தது, எத்தினையாம் நிமிசத்தில கோல் எண்டு, அந்த அறிவிப்பாளன் மூச்சு விட்ட இடம் கூடப் பிசகாமல் நீ ஒப்புவிச்சுக்கொண்டிருந்தனி. நான் மூக்குச் சிந்தின ராணி, இடையில வாற சவுக்கார விளம்பரமாம். மூண்டு மாசம் சவுக்காரத்துக்கும் ஹொக்கிக்கும் நான் முட்டை அடிச்சிருக்கிறன்!

அண்டைக்கு அவர் உனக்கு அடிக்கேல்லை. நேரே குளியலறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டினவர். அப்பா உள்ளுக்குள்ள சிரிச்சவர் எண்டுதான் நீ இண்டு வரைக்கும் எல்லாருக்கும் சொல்லித் திரியிறாய், நாங்களும் ஓம் ஓம் எண்டு விட்டிட்டம். அவர் சிரிக்கேல்லை மகன். தண்ணிக்குழாயைத் திறந்து விட்டிட்டு அழுதவர். கதவுக்கு வெளியில நிண்டு நான் கேட்டனான். ஏலாத பிள்ளைக்கு அடிச்சுப்போட்டனே எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர். வெளியில வந்து, இதைப் பெடியனுக்குச் சொல்லாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர், இவ்வளவு காலமும் சொல்லேல்லை. இப்ப அவர் வந்து ஏன் சொன்னனி எண்டு கேக்கமாட்டார். கேட்டாலும் எனக்குச் சந்தோசம்தான், வரட்டும்.

அவர் அண்டைக்கு என்னட்டைக் கேட்டது வேற ஒண்டு. ஒரு தரம் கேட்ட ஆட்டத்தை ஒண்டரை மணித்தியாலம் பிசகாமல் சொல்லுற தலையை மொக்குத்தலை எண்டு ஆரப்பா சொன்னது எண்டார். அடுத்த நாளே வேலைக்குப் போக முதல் உன்ர பள்ளிக்கூடத்துக்குப் போய், ஊரில ரெயில் ஸ்ரேசன் கிளாக்கராய் இருந்து பழகின இங்கிலீசில இதையே கேட்டிருக்கிறார். அதுக்குப் பிறகுதான் அவையள் உன்னை வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளையளுக்கெண்டு மிஸிஸ் ஹாக்ரீவ்ஸ் வைச்சிருந்த கீழறை வகுப்புக்கு அனுப்பினது. அவ இரண்டு நாள் உன்னை வைச்சுப் பார்த்திட்டு எங்களைக் கூப்பிட்டு, பிள்ளையின்ர மூளை நல்ல மூளை, எழுத்துத்தான் அவனுக்கு நிக்குதில்லை, அதுக்கு டிஸ்லெக்சியா எண்டு பேர் எண்டு சொன்னவ. கொப்பருக்கு வந்த சந்தோசம் சொல்லேலாது, பஸ்ஸில வரேக்கை, இனி மொக்கன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, வேற பேர் இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர்.

எனக்கு அந்த வகுப்பைப் பார்த்துப் பிடிச்சுப் போச்சுது, ஏனெண்டால் அங்க ஒரு தட்டில மணலைப் பரப்பி அதில உன்ர விரலைப் பிடிச்சு அவ எழுத்து எழுதுவிச்சுக்கொண்டிருந்தவ. இது எங்கட ஏடு தொடக்கிறது எல்லோ! உனக்கு மூண்டு வயசில விஜயதசமிக்கு அரிசியில விரல் பிடிச்சு எழுதினதுதான், உனக்கு மட்டும் அது ஒருக்காக் காணாமல் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கு எண்டு எனக்கு அப்பதான் விளங்கினது. மணலில எழுதிறது சரசுவதிக்கு மரியாதையில்லை எண்டு அடுத்த நாள் உன்னட்டை அஞ்சு இறாத்தல் நல்ல பச்சை அரிசி குடுத்துவிட்டன். மிஸிஸ் ஹாக்ரீவ்ஸ் அதைக் கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிட்டிட்டு, நல்லாயிருந்தது, நன்றி எண்டு காட் எழுதி அனுப்பினவ! நீ அந்த அட்டையை வாசிக்க ஏலாமல் கொண்டு வந்து தந்தாய், எனக்கும் ஏலாது, கொப்பர் வாற வரைக்கும் இரண்டு பேரும் அவ அரிசியில எழுதுவிக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தம்.

பிறகு ஏழு வருசம் காலமையில உன்ர பாடப் புத்தகத்தை அவர்தான் சத்தம் போட்டு வாசிச்சவர், நீ கேட்டுக்கொண்டு பாண் சாப்பிடுவாய், பிறகு நீ சொல்லுவாய், அவர் புத்தகத்தில சரி பிழை பார்ப்பார். நான் சும்மா நிண்டு கேட்டதில எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுது. இந்த நாட்டில கிழக்கிலயிருந்து மேற்கு வரைக்கும் ரெயில் பாதை போட்டு முடிச்சது ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தைஞ்சு எண்டு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன், அந்தப் பாடத்தைக் கொப்பர் தேவையில்லாமல் நாலு தரம் வாசிச்சவர், ரெயில்வேக்காறர் எல்லோ. போன வருசம் நீ பதிமூண்டாம் வகுப்பு முடிச்ச சோதினை மறுமொழி வரேக்கை அவர் போய் ஒரு மாசமும் ஆகேல்லை. வதனி ஒவ்வொரு பாடமாய் வாசிச்சுச் சொல்ல நான் அந்தக் கடதாசியை அவற்ற படத்துக்கு முன்னால வைச்சன். நீ அறைக்குள்ள போயிட்டாய். நான் கொஞ்ச நேரம் அங்க நிண்டன், உப்புக் காணாது எண்டு சொல்லமாட்டாரோ எண்டு.

இனி விசயத்துக்கு வாறன். நீ இஞ்சயிருந்து புறப்படேக்கை மிஸிஸ் ஹாக்ரீவ்ஸ் ஒரு கடிதம் ரைப் அடிச்சுத் தந்தவ எல்லோ, உனக்குப் படிப்பிக்கிற புறொபெசரிட்டக் குடுக்கச் சொல்லி, இந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சோதினை மட்டும் வைச்சால் அவனுக்குத் தெரிஞ்சது வெளியில வராது, வாயாலயும் கேளுங்கோ எண்டு. அவவைப் போன கிழமை வதனியின்ர பள்ளிக்கூடத்தில கண்டன், கையைப் பிடிச்சுக்கொண்டு, என்ர கடிதத்துக்குப் புறொபெசர் என்ன சொன்னவர் எண்டு கேட்டவ. நான் பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டி குட், குட் எண்டு சொல்லிப்போட்டு வந்து வதனியைப் பிடிச்சுக் கேட்டால், கடிதம் செப்ரெம்பரிலயிருந்து உன்ர சூட்கேசுக்குள்ள உடுப்புக்குக் கீழ படுத்திருக்காம். குடுத்தால் பெடியள் சிரிப்பாங்களாம், இரக்கப்பட்டு மார்க்ஸ் போடுறது உனக்கு வேண்டாமாம். ஓ! எங்கட வீட்டுக்கு வந்த ரோசக்காறன்! அடே, காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போன நாள், நீ கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவியே பதினேழு மரத்துக்குப் பேர் சொன்னதாயும், அந்தப் புறொபெசர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிஞ்சதாயும் நீதானே சொன்னனி. அதே மரத்தின்ர பேரை மார்கழியில நத்தாருக்கு முந்தின சோதினையில மூண்டு இடத்தில மூண்டு விதமாய் எழுதி வைச்சுச் சிவப்புக் கோடு வாங்கினனி. மரம் தெரியாதவனுக்கு மார்க்ஸ் போட்டால்தான் அது இரக்கம். உனக்கு மரம் தெரியும். தெரிஞ்சதைக் கேளுங்கோ எண்டு சொல்லுறதுக்கு ஏன் வெக்கம்? இந்தச் சோதினையும் நத்தார் மாதிரிப் போனால் அவையள் உன்னை அங்க வைச்சிருக்கமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அதுதான் அவையள் அனுப்ப முதல் நீயாய் வெளிக்கிடப் பார்க்கிறாய். ஃபக்ரறிக்கு வந்தால் தப்பலாம் எண்டு நினையாதை, அந்த மெசினிலயும் கையை வைக்காதே எண்டு இங்கிலீசில தான் எழுதி ஒட்டியிருக்கு, கொப்பர் சொன்னவர்.

நான் தனிய இருக்கிறன் எண்ட கதையையும் முடிச்சுவிடுறன். நான் தனிய இல்லை, நான் பள்ளிக்கூடம் போறன். சிரியாதை. தை மாசத்திலயிருந்து, சேர்ச்சுக்குக் கீழ ஒரு மண்டபத்தில, செவ்வாயும் வியாழனும் காலமை. கொப்பற்ற பேருக்கு வாற கடதாசியெல்லாத்துக்கும் ஜாபர் தம்பியையும் வதனியையும் பார்த்துக்கொண்டிருக்கேலாது எண்டுதான் போனனான். பதினாலு பேர், கிரேக்கர், போர்த்துக்கீசர், ஒரு சீனக் கிழவர், நான். ரீச்சர் சின்னப் பெட்டை, வதனியிலும் பார்க்கப் பத்து வயசுதான் மூப்பு இருக்கும். ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் வீட்டில பார்த்துக்கொண்டு வந்து எழும்பி நிண்டு வாசிக்க வேணும். நான் என்ன செய்தன் தெரியுமோ? வதனியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு முழுப் பக்கத்தையும் பாடமாக்கிக்கொண்டு போய், கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்து விரலையும் ஓடவிட்டு, ஒரு மனுசன் தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கின கதையைக் கடகடவெண்டு ஒப்புவிச்சன். ரீச்சர் கைதட்டினவ. ஐஞ்சு கிழமை நான்தான் வகுப்பில முதலாம் பிள்ளை. உனக்கு எங்கயிருந்து வந்தது எண்டு இப்ப விளங்குதோ? கொப்பற்ற பக்கத்தால இல்லை.

ஆறாம் கிழமை அவ சந்தோசத்தில பக்கத்தைப் பிரட்டி, இதையும் வாசியுங்கோ நாகலட்சுமி எண்டு சொல்லிப்போட்டா. நான் நிக்கிறன். பக்கத்தில எறும்பு ஊருது. வேர்க்குது, மண்டபத்தில ஹீற்றரும் இல்லை. எல்லாரும் பார்க்கினம். அந்த நேரம் எனக்கு என்ர நிலைமை நினைவுக்கு வரேல்லை மகன், நீ பதினொரு வயசில ஒரு வகுப்பு முழுக்கப் பார்க்க இப்பிடி எத்தினை தரம் நிண்டிருப்பாய் எண்டுதான் வந்தது. வீட்டுக்கு வந்து அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் ஹொக்கி வாசிச்சுக் காட்டியிருக்கிறாய். எனக்கு அப்ப தெரியாமல் போச்சுது. சவுக்காரத்துக்கு அழத் தெரிஞ்சது, இதுக்கு அழத் தெரியேல்லை. ஓடிப்போய்க் குளிர்க்கோட்டைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பன், ஆனால் அப்பிடி வந்தால் உனக்கு எழுத எனக்கு என்ன முகம்? புத்தகத்தை மேசையில வைச்சன். ஐ கனொட் றீட். யூ றீட், ஐ சே எண்டன். இலக்கணம் பிழையாம், வதனி சொல்லுறாள், ரீச்சருக்கு விளங்கினது. பிறகு பின்னுக்கிருந்த கிரேக்க மனுசி, தடிச்ச மனுசி, கையை உயர்த்தி மீ ரூ எண்டா. பிறகு சீனக் கிழவர். பிறகு பார்த்தால் பாதி வகுப்பு, எல்லாருக்கும் வீட்டில ஒரு வதனி இருந்திருக்கிறாள்! ரீச்சர் தலையில கையை வைச்சுக்கொண்டு சிரிச்சவ, இப்ப அவ முதல் வாசிக்கிறா, நாங்கள் பிறகால சொல்லுறம், எனக்கு இப்ப எட்டுச் சொல் உண்மையாய்ப் பார்த்து வாசிக்கத் தெரியும். எட்டு எண்டாலும் சொந்த எட்டு. வெக்கம் ஒரு நிமிசம்தான் இருந்தது, நான் எண்ணிப் பார்த்தன். நீ அந்த ஒரு நிமிசத்தைச் செப்ரெம்பரிலயிருந்து சூட்கேசில வைச்சுக் காவிக்கொண்டு திரியிறாய்.

அதால நான் திரும்ப மிஸிஸ் ஹாக்ரீவ்ஸிட்டப் போய், குட் குட் எண்டு சொன்னது பொய் எண்டு வதனியை விட்டுச் சொல்லுவிச்சு, கடிதத்தின்ர பிரதி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தன். அவ ஏசேல்லை, பிரதியில புதுத்திகதி போட்டுக் கையெழுத்தும் வைச்சுத் தந்தவ. இதோட வைச்சிருக்கிறன், நீலக் கவருக்குள்ள. உன்ர மற்றக் கடிதம் கசங்கிப்போச்சுது எண்டு சொல்லேலாது பார். நீ அதை வாசிக்கத் தேவையில்லை, குடுத்தால் காணும். குடுத்துப்போட்டு அந்த மனுசன் மாட்டன் எண்டு சொன்னால் வா, நான் ஒண்டும் கேக்கமாட்டன், வாசலுக்கு வந்து பெட்டியை வாங்குவன். குடாமல் வந்தாயெண்டால் கதவு திறக்கமாட்டன், கொப்பற்ற சப்பாத்துக்குப் பக்கத்தில வெளியில இரு.

திவசத்தைச் சாட்டாதை. யாழ்ப்பாணத்திலயிருந்து மாமா பஞ்சாங்கம் பார்த்து எழுதியிருக்கிறார், திதி மே பத்தாம் திகதி. உன்ர கடைசிச் சோதினை ஏப்ரல் இருபத்தெட்டு. இடையில பன்னிரண்டு நாள் கிடக்கு, நீ பஸ்ஸில இல்லை, நடந்து வந்தாலும் பாதித் தூரம் வந்திடுவாய். உன்ர சோதினைக்கு இடைஞ்சல் வராமல் நாள் பார்த்துப் போன மனுசனை நீ சோதினை எடுக்காமல் விட்டதுக்குச் சாட்டாய் வைக்கலாமோ? எடுத்துப்போட்டு வந்து நீயே கையால பிண்டம் போடு, வாழைக்காய்க் கறிக்கு உப்பு நானே பார்த்துப் போடுறன்.

வாற ஞாயிறு இல்லை, அதுக்கடுத்த ஞாயிறு, ஏப்ரல் மூண்டாம் திகதி, காலமை ஒன்பது மணிக்கு நான் ரெலிபோனுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருப்பன். கொப்பர் உனக்குச் சொல்லித் தந்த சட்டம் தெரியும்தானே, பத்திரமாய் வந்து சேர்ந்தன் எண்டால் ஒரு தரம் மணி அடிக்க விட்டிட்டு வைக்கிறது, கதைக்க வேணும் எண்டால் மூண்டாவது தரத்துக்கு நாங்கள் எடுக்கிறது. இரண்டு தரத்துக்கு அவர் அர்த்தம் ஒண்டும் வைக்கேல்லை, ஏன் விட்டவரோ தெரியாது, அவர் எல்லாத்திலயும் ஏதோ ஒண்டு காணாமல் விடுகிற மனுசன். அதை நான் இதுக்கு எடுக்கிறன். கடிதத்தைக் குடுத்தாயெண்டால் இரண்டு தரம் அடிக்க விட்டிட்டு வை. நான் எடுக்கமாட்டன், வதனியையும் எடுக்க விடமாட்டன். முட்டைக்கோப்பிக்குத் தண்ணி வைப்பன், நீ குடிக்க இல்லாட்டியும் அடிச்சுப் பொங்கினதை நான் குடிப்பன்.

கம்பளிக் காலுறை இரண்டு சோடியும் போடு, ஒண்டை மட்டும் போட்டுக்கொண்டு திரியாதை. அப்பாவின்ர ஆசீர்வாதமும் பிள்ளையாற்ற காவலும் உன்னோட இருக்கும், மரங்களுக்கும் என்ர சுகம் சொல்லு.

இரண்டாவது மணி வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச,
உன்ர அம்மா
நாகலட்சுமி